'ஹோம்' போக 'டு' எதற்கு?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

பழைய மாணவியர் தினத்துக்கு நுழைவாயிலை அலங்கரிக்கும் பொறுப்பு இவ்வாண்டு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. வெள்ளைத் துணி வாங்கி, நீல வண்ணம் குழைத்து, ஓர் எழுத்துக்கு ஒரு சாண் உயரம் என்று அளந்து, மூன்று மாலைகள் தரையில் உட்கார்ந்து எழுதினோம். மேலே ஆங்கிலத்தில் 'வெல்கம் டு ஹோம்'. கீழே தமிழில் 'தாய் வீட்டுக்கு வருக'. தமிழ் வரியில் யாரும் குறை காணவில்லை. ஆங்கில வரியையோ, துணியை உயரே ஏற்றிக் கட்டிய பிறகுதான் எங்கள் ஆங்கில ஆசிரியை பார்த்தார்.

"யாரம்மா அந்த 'டு'வை உள்ளே விட்டது?" என்றார்.

துணி மறுபடி கீழே இறங்கியது. இரண்டு எழுத்துகளின் மேல் வெள்ளை வண்ணம் பூசினோம். நீலம் விடாமல் எட்டிப் பார்த்தது. இன்னொரு முறை பூசினோம், இன்னும் மோசமாயிற்று. கடைசியில் பெரிய காகித ரோஜா ஒன்று செய்து அந்த இடத்தில் ஒட்டினோம். மறுநாள் வந்த அக்காமார்கள், "நடுவில் ரோஜா எவ்வளவு அழகு!" என்று அதன்கீழ் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ரோஜாவுக்கு அடியில் என்ன இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

தவறு எங்கள் தாய்மொழி வழியாக வந்தது. தமிழில் நாம் பள்ளிக்குப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம், கடைக்குப் போகிறோம், வீட்டுக்குப் போகிறோம். நான்கிலும் ஒரே 'கு'. ஆங்கிலத்தில் அந்தக் 'கு'வின் வேலையைப் பெயருக்கு முன்னால் நிற்கும் 'டு' செய்கிறது என்று சின்ன வகுப்பிலேயே கற்றோம். ஆகவே 'டு ஸ்கூல்', 'டு சர்ச்', 'டு த ஷாப்' என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும் நாக்கு, நான்காவதாக 'டு ஹோம்' என்று தானே சொல்லிவிடுகிறது. சரியான தொடர் 'ஐ கோ ஹோம்' என்பதுதான். 'டு' அங்கே வராது.

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறோம். ஞாயிறு திருப்பலிக்குப் போகும் நாம் 'டு சர்ச்' போகிறோம். அதே ஆலயத்துக்கு வெள்ளையடிக்க வருகிறவர் 'டு த சர்ச்' போகிறார். இடம் ஒன்றுதான், போகும் காரியம் வேறு. பள்ளிக்கும் அப்படியே. படிக்கப் போனால் 'டு ஸ்கூல்', தலைமையாசிரியையைப் பார்க்க வரும் பெற்றோர் 'டு த ஸ்கூல்'. இந்தச் சிறு சொற்களைச் சில்லறை என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

'ஹோம்' விஷயத்துக்கு வருவோம். 'ஐ கோ ஹோம்' என்னும்போது அந்த 'ஹோம்' பெயர்ச்சொல்லாக நிற்கவில்லை. 'இங்கே', 'அங்கே' என்பவை போல, எந்தத் திசையில் போகிறோம் என்று வினையோடு சேர்ந்து சொல்லும் வினையடையாக நிற்கிறது. 'கம் ஹியர்' என்கிறோம். 'கம் டு ஹியர்' என்றால் முதல் வகுப்புக் குழந்தையும் சிரிக்கும். எங்கள் ஆசிரியை தந்த சோதனை இதுதான்: ஐயம் வரும்போது 'ஹோம்' இருக்கும் இடத்தில் 'தேர்', அதாவது 'அங்கே' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'ஐ வென்ட் தேர்' சரியாக ஒலிக்கிறதல்லவா? அப்படியானால் 'ஐ வென்ட் ஹோம்' என்பதும் சரி. போவது, வருவது, நடப்பது, திரும்புவது, சேர்வது என எந்த வினையானாலும் இதே நியாயம். விடுதியில் இருக்கும் நாங்கள் ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் 'ரைட் ஹோம்'தான். 'ஆன் த வே ஹோம்' என்றால் வீட்டுக்குப் போகும் வழியில். 'ரீச் டு ஹோம்' என்று எழுதுவது இரட்டைக் குற்றம். 'ரீச்' என்ற வினை எந்த ஊருக்கு முன்னும் 'டு'வை ஏற்காது.

எங்களில் ஒருத்தியின் தாத்தா வீட்டுப் பெட்டியில் பழைய தந்தி ஒன்று இருக்கிறது. 'ரீச்டு ஹோம் சேஃப்லி' என்று மூன்றே சொற்கள். நம் நாட்டில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும் வரை, சொற்களை எண்ணித்தான் காசு வாங்கினார்கள். காசை எண்ணி 'டு'வை விட்டாரோ, இலக்கணம் அறிந்து விட்டாரோ, தாத்தா சரியாகவே அடித்திருக்கிறார்.

விதியைத் தெரிந்துகொண்டோம். ஆனால் பள்ளிக்கும் கடைக்கும் 'டு' கேட்கும் ஆங்கிலம் வீட்டுக்கு மட்டும் ஏன் விலக்குத் தருகிறது? ஆசிரியை நேரே பதில் சொல்லாமல், மடத்தில் ஓய்வில் இருக்கும் முதிய சிஸ்டர் ஒருவரிடம் எங்களை அனுப்பினார். அந்த சிஸ்டர் இளவயதில் இலத்தீன் கற்றவர். நாங்கள் போனபோது ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் ஊசியை நிறுத்திவிட்டு, "தோமுஸ் என்றால் வீடு. வீட்டுக்குப் போகிறேன் என்றால் தோமும்," என்றார். இலத்தீனில் ஓர் இடத்துக்குப் போவதைச் சொல்ல 'ஆத்' என்றோ 'இன்' என்றோ ஒரு சொல் முன்னால் வேண்டும். ஆனால் ஊர்ப் பெயர்களுக்கும், வீட்டுக்கும், நாட்டுப்புறத்துக்கும் அது வேண்டாம். ரோமுக்குப் போவதானால் 'ரோமாம்' என்று சொல்லின் கடைசியை மாற்றினால் போதும். "ரோமாபுரிக்கு இருக்கும் சலுகை உங்கள் குடிசைக்கும் உண்டு, பிள்ளைகளா," என்று சொல்லி மறுபடி பின்னத் தொடங்கினார்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. அன்று வீட்டுக்குச் சொல் 'ஹாம்'. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் என்ற ஊர்ப் பெயர்களின் வாலில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதல், வருதல் ஆகிய வினைகளோடு அந்த 'ஹாம்' இரண்டாம் வேற்றுமையில் தனியே நின்று 'வீட்டை நோக்கி' என்று பொருள் தந்தது. நூற்றாண்டுகள் நகர நகர ஆங்கிலம் தன் உருபுகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டது. உருபு போன இடத்தில் 'டு' போன்ற சிறு சொற்கள் வேலைக்கு அமர்ந்தன. 'ஹோம்' மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. வீட்டில் எல்லாரும் எரிவாயு அடுப்புக்கு மாறிய பிறகும் விறகடுப்பில்தான் வெந்நீர் போடுவேன் என்னும் பாட்டியைப் போல அது இருக்கிறது.

இத்தனையும் கேட்டு, 'அந்நிய மொழிகளுக்கு என்னென்ன விசித்திரங்கள்!' என்று பேசிக்கொண்டே அடுத்த பாடவேளைக்குப் போனோம். அது தமிழ்ப் பாடவேளை. தொகைநிலைத் தொடர் நடந்துகொண்டிருந்தது. தமிழாசிரியை கரும்பலகையில் 'மதுரை சென்றார்' என்று எழுதி, "இதில் மறைந்திருப்பது என்ன?" என்று கேட்டார். 'மதுரைக்குச் சென்றார்' என விரியும். 'கு' என்ற உருபு தொக்கி நிற்கிறது. ஆகவே நான்காம் வேற்றுமைத் தொகை. மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாமும் 'வீடு திரும்பினாள்' என்கிறோமே! 'பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்' என்கிறோமே! கப்பல் கரை சேர்கிறது. அமைச்சர் சென்னை திரும்புகிறார். 'கு' எங்கே?

அன்று மாலை இதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். அப்போது ஒன்று தெரிந்தது. 'வீடு திரும்பினேன்' என்று சொல்லலாம். 'என் வீடு திரும்பினேன்' என்றால் செவிக்கு ஒட்டவில்லை. 'என் வீட்டுக்குத் திரும்பினேன்' என்றுதான் வருகிறது. 'அந்த ஓட்டு வீடு திரும்பினேன்' என்று யாரும் சொல்வதில்லை. அடைமொழி எதுவும் இல்லாமல் 'வீடு' தனியே நின்றால் அது சொல்பவளின் சொந்த வீடு. இன்னார் வீடு, இப்படிப்பட்ட வீடு என்று அடையாளம் சொல்லத் தொடங்கியதும் 'கு' வந்துவிடுகிறது.

ஆங்கிலமும் இங்கே அச்சாக அப்படியே நடக்கிறது. 'ஐ வென்ட் ஹோம்' என்றால் என் வீட்டுக்கு. யாருடைய வீடு என்று சொன்னால் 'டு' அவசியம்: 'ஐ வென்ட் டு மை ஹோம்', 'ஷீ கேம் டு அவர் ஹோம்'. 'டு'வே கூடாது என்று வெட்டிக்கொண்டே போகக்கூடாது. எங்களில் சிலர் ரோஜா நிகழ்ச்சிக்குப் பிறகு பயந்துபோய் 'ஷீ கேம் அவர் ஹோம்' என்று எழுதிச் சிவப்புக் கோடு வாங்கினார்கள்.

இப்போது எங்கள் துணிக்குத் திரும்பினால் ஆசிரியை ஏன் அதை இறக்கச் சொன்னார் என்பது விளங்கும். விருந்தாளி வந்தால் 'வெல்கம் டு அவர் ஹோம்' என்போம். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று பொருள். வெளியூரில் இருக்கும் அண்ணன் வந்தால் 'வெல்கம் ஹோம்' என்போம், வீடு அண்ணனுடையதும்தான். பழைய மாணவியர் விருந்தாளிகள் அல்லர். நாங்கள் எழுதிய 'டு ஹோம்' இரண்டிலும் சேராமல் வாசலிலேயே நின்றுவிட்டது.

காலாண்டுத் தேர்வில் பிழை திருத்தும் பகுதியில் இதே கேள்வி வந்தது. 'எவ்ரி ஈவ்னிங் ஐ கோ டு ஹோம்.' ரோஜா புண்ணியத்தில் வகுப்பே சரியாக எழுதியது, ஒருத்தியைத் தவிர. அவள் 'எவ்ரி ஈவ்னிங் ஐ கோ டு த ஹோம்' என்று எழுதி, 'ஹோம்' என்பதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தாள். ஆசிரியை தவறு போட்டிருந்தார். விடைத்தாள் கொடுத்த அன்று அதைக் கேட்டு வகுப்பு சிரித்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

"டீச்சர், நான் போவது அங்கேதானே?" என்றாள்.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து, பள்ளிச் சுவரை ஒட்டி இருக்கும் குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறவள். அந்த இல்லத்தை எல்லாரும் 'ஹோம்' என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து வருகிறவர்களை 'ஹோம் பிள்ளைகள்' என்று நாங்கள் சொல்லி வந்தோம். சிரித்தவர்களில் நாங்களும் உண்டு.

ஆசிரியை அந்த வரியை இரண்டு முறை படித்தார். தவறுக் குறியை அடித்துவிட்டு, மதிப்பெண்ணைப் போட்டுக் கூட்டுத் தொகையையும் திருத்தினார். பிறகு எங்கள் எல்லாருக்கும் விளக்கினார். 'ஹோம்' என்பது ஒரு நிறுவனத்தைக் குறிக்கும்போது அது மற்ற எந்தக் கட்டடத்தையும் போலப் பெயர்ச்சொல்தான். அதற்கு 'டு' வேண்டும். 'எ' அல்லது 'த' வேண்டும். முதியவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவது 'டு எ ஹோம்'. அவள் எழுதியதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. இதைச் சொல்லிவிட்டு அவளிடம் குரலைத் தாழ்த்தி, "ஆனால் மற்றதையும் நீ எழுதலாம் அம்மா. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்," என்றார். முதல் பெஞ்சில் இருந்ததால் எங்களுக்குக் கேட்டது. அவள் பதில் சொல்லாமல் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

தமிழிலும் 'இல்லம்' என்ற ஒரே சொல் இரண்டு இடங்களையும் சுமக்கிறது. திருமண அழைப்பிதழில் மணமகளின் வீடும் இல்லம். தாய் தந்தையர் இல்லாத குழந்தைகள் தங்குவதும் இல்லம். ஆங்கிலத்தில் ஒரு 'த' அவற்றைப் பிரித்துவிடுகிறது. தமிழில் கேட்பவர்தாம் பிரித்துக்கொள்கிறார்.

இருப்பதைச் சொல்லும்போது வேறொரு பள்ளம் இருக்கிறது. 'வீட்டில்' என்பதில் உள்ள 'இல்' நம்மை 'இன்' என்று சொல்லவைக்கும். 'மை மதர் இஸ் இன் ஹோம்' என்று தொலைபேசியில் தினமும் எத்தனை பேர் சொல்கிறோம்! 'அட் ஹோம்' என்பதே சரி. 'இன் த ஹவுஸ்' என்று சொல்லலாம். ஆனால் அது நான்கு சுவருக்குள் என்று பொருள்படும். அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் 'அட் ஹோம்'தான். 'இன் த ஹவுஸ்' அல்ல. அமெரிக்க வழக்கில் 'ஷீ இஸ் ஹோம்' என்று வெறுமனேயும் சொல்கிறார்கள். தேர்வுத் தாளில் 'அட்' போட்டுவிடுவதே பாதுகாப்பு.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி 'என் பாட்டி' என்ற கட்டுரையில் 'மை கிராண்ட்மதர் இஸ் ஆல்வேஸ் இன் ஹோம்' என்று எழுதினாள். "இதில் ஒரு 'எ' சேர்ந்தால் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவார், கவனம்," என்றார் ஆசிரியை. தோழி இதை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். பாட்டி சிரிக்கவில்லையாம். "அந்த 'எ'யை உன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்காதே," என்றாராம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லி முடிக்கிறோம். வீட்டை விட்டுக் கிளம்புவது 'லீவ் ஹோம்'. இடையில் 'ஃபிரம்' வேண்டாம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் எழுதித் தரும் பெற்றோர் கிளம்பிய நேரத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. நேரம் இல்லாமல் 'மை டாட்டர் லெஃப்ட் ஹோம்' என்று மட்டும் எழுதினால், மகள் வீட்டை விட்டே போய்விட்டாள் என்றும் படிக்கலாம். தூரத்தைச் சொல்ல 'ஃபிரம்' வரும்: 'ஃபார் ஃபிரம் ஹோம்'. 'ஹோமு'க்குப் பின்னால் 'டு' வரும் இடமும் உண்டு. 'த நீல்கிரீஸ் ஆர் ஹோம் டு த நீல்கிரி தார்' என்றால் நீலகிரி வரையாடுகளுக்கு வாழிடம் என்று பொருள். இங்கே 'டு'வும் நம் 'கு'வும் சண்டையில்லாமல் கைகோத்துக்கொள்கின்றன. 'அப்ராட்', 'அப்ஸ்டேர்ஸ்' ஆகியவையும் 'ஹோமி'ன் உறவுக்காரர்கள்தாம். வெளிநாட்டுக்குப் போனவர் 'கான் அப்ராட்'. மாடிக்குப் போனவர் 'கான் அப்ஸ்டேர்ஸ்'. 'டு' போட்டால் தவறு.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் விடுதி மாணவியர் எல்லாரும் ஆங்கிலத்தில் விடுமுறை விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். ஒன்றிலும் 'டு ஹோம்' இல்லை என்று விடுதி சிஸ்டர் சொன்னார். இரண்டில் 'டு' இருந்ததாம். இரண்டிலும் பின்னாலேயே 'மை' வந்ததால் விட்டுவிட்டாராம். மேசையைச் சுற்றி நின்ற எங்களுக்குப் பரிசு வாங்கியது போல இருந்தது.

அந்த விடுமுறையில் இல்லத்துத் தோழி எங்களில் ஒருத்தியுடன் அவள் கிராமத்துக்கு வந்து நான்கு நாள் தங்கினாள். விடுமுறை வீட்டுப் பாடமாக, தங்கியிருக்கும் இடத்திலிருந்து யாருக்காவது ஒரு கடிதம் எழுதவேண்டும். அவள் இல்லத்தைக் கவனிக்கும் சிஸ்டருக்கு எழுதினாள். வாய்க்காலில் குளித்தது, கன்றுக்குட்டி பாவாடையைத் தின்னப் பார்த்தது, தோழியின் பாட்டி கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்பது எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி 'ஐ ஷல் கம் ஹோம் ஆன் சாட்டர்டே' என்பது. 'டு' இல்லை, 'த' இல்லை, 'ஹோமி'ன் முதல் எழுத்து சின்ன எழுத்து. ஆசிரியை திருத்திக் கொடுத்த தாளைப் பார்த்தோம். 'சாட்டர்டே'யில் விட்டுப்போன ஓர் எழுத்தை மட்டும் சிவப்பு மையால் சேர்த்திருந்தார்.